கொம்பன் வண்டுப் புழுவின் ரத்தத்தில் கிருமிக்கொல்லி பெப்டைடு: எடுப்பது எப்படி, வளையத்தை எப்போது நம்பலாம்?

வில்லுக்குறி_உயிர்வேதி

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன். சாணக்குழியில் கிடைக்கும் காண்டாமிருக வண்டின் (கொம்பன் வண்டு) புழுவிலிருந்து ஹீமோலிம்ப் (பூச்சியின் ரத்தம்) எடுத்து, அதில் பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) உண்டா என்று பார்க்க வேண்டும். மூன்று இடத்தில் முட்டுகிறது.

ஒன்று, எடுத்த சில நிமிடங்களிலேயே ஹீமோலிம்ப் கறுத்துக் கட்டியாகிவிடுகிறது. இரண்டு, சாதாரண நியூட்ரியன்ட் அகரில் கிணறு வெட்டி ஊற்றினால் மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் தட்டில் நல்ல வளையம் (பாக்டீரியா வளராத தெளிந்த வட்டம்), இ.கோலி தட்டில் ஒன்றுமே இல்லை. மூன்று, கூடவே மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தேனையும் சிறுதேனையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்கிறார் கைடு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியா?

கூடத்தில் குளிர் சென்ட்ரிஃபியூஜ், ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், ஸ்பெக்ட்ரோ, ஜெல் ஓட்டும் கருவி, மைனஸ் 20 ஃப்ரீசர் உண்டு. எச்.பி.எல்.சி. (கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவி) கிடையாது.

தோப்பு_இரணியல்

ரசாயனம் தெரிந்தவர்கள் பிறகு வருவார்கள். புழுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயே பாதி வேலை கெட்டுப் போகும்.

ஒரே சாணக்குழியில் பல வகைப் புழு இருக்கும். கொம்பன் வண்டின் புழு ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைந்து, தலை பழுப்பாக, மூன்று ஜோடிக் காலோடு இருக்கும். பூவண்டு வகைப் புழுவும் பார்க்க அப்படியேதான் இருக்கும். பிரித்தறிய, வழவழப்பான மேசையில் விடுங்கள். பூவண்டுப் புழு மல்லாந்து முதுகால் நகர்ந்து போகும். கொம்பன் புழு பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும், முதுகால் ஓடாது. கால் இல்லாத புழு தென்னந்தண்டுக்குள்ளிருந்து வந்திருந்தால் அது சிவப்புக் கூன்வண்டு, வேறு இனம்.

இரண்டாவது, குழியின் உரிமையாளரிடம் பச்சைப் பூஞ்சை போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சையைக் கொம்பன் வண்டுக்கு எதிராகக் குழியில் கலக்கும் வழக்கம் நம் மாவட்டத்தில் நிறைய. பூஞ்சை பிடித்த புழு கடைசியில்தான் விறைத்து வெள்ளை பூத்து, பிறகு பச்சையாகும். அதற்கு முந்தைய நாட்களில் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே எதிர்ப்பு வேலை தொடங்கியிருக்கும். அப்படிப்பட்ட புழுவை 'ஊசி குத்தாத கட்டுப்பாடு' (கிருமி ஏற்றாத ஒப்பீட்டுக் குழு) என்று வைத்தால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அர்த்தமே இல்லை. பூச்சிமருந்து தெளித்த குழியும் வேண்டாம்.

மூன்றாம் பருவப் புழுவையே எடுங்கள். விரல் தடிமன் வந்திருக்கும், ஹீமோலிம்ப் போதுமான அளவு கிடைக்கும். மஞ்சள் பாய்ந்து, தின்பதை நிறுத்தி, குடலைக் காலி செய்த புழு கூட்டுப்புழுவாகப் போகிறது. அதை விட்டுவிடுங்கள், கொழுப்பு மிதந்து வந்து சாற்றைக் கெடுக்கும்.

ஒரே வாளியில் மொத்தமாகப் போட்டு எடுத்து வராதீர்கள். நெருக்கத்தில் ஒன்றை ஒன்று கடிக்கும். கடிபட்ட காயமே எதிர்ப்பைத் தூண்டிவிடும். தனித்தனி டப்பா, மூடியில் துளை, அதே குழியின் சாணம். கூடத்துக்கு வந்ததும் ஆட்டோகிளேவில் இரண்டு முறை வேகவைத்து ஆறிய மக்குச் சாணத்துக்கு மாற்றி, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஈரம் எவ்வளவு என்றால், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த வாரத்தில் சோர்ந்தவை, புள்ளி விழுந்தவை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள்.

புரதக்கூடம்

அண்ணாச்சி சொன்ன பூஞ்சை விஷயம் முக்கியம். பல புராஜெக்ட்டுகளில் கட்டுப்பாட்டுப் புழுவும் வளையம் தருவதற்கு இதுவே காரணம்.

கறுப்பதற்குக் காரணம் ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற என்சைம். காயம் பட்டதும் அது விழித்து மெலனின் உண்டாக்கும். பூச்சிக்கு அது காவல், நமக்குத் தொல்லை. உருவாகும் குவினோன்கள் தாங்களே பாக்டீரியாவைக் கொல்லும், பெப்டைடுகளோடும் ஒட்டிக்கொள்ளும். கறுத்த மாதிரியில் வந்த வளையத்தை எண்ணிக்கையிலேயே சேர்க்காதீர்கள்.

தடுக்க இரண்டு வழி. ஃபீனைல்தயோயூரியா 40 மைக்ரோமோலார், அதோடு புரதச்சிதைப்பைத் தடுக்க அப்ரோட்டினின் மி.லி.க்கு 20 மைக்ரோகிராம், இரண்டும் கலந்த குளிர்ந்த குழாயில் ஹீமோலிம்ப்பைச் சொட்டவிடுவது முதல் வழி. ஃபீனைல்தயோயூரியா கொடிய நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. ஹீமோலிம்ப்பை நேராக அமில மெத்தனாலில் சொட்டவிடுங்கள். மெத்தனால் 90, தண்ணீர் 9, கிளேசியல் அசெட்டிக் அமிலம் 1 என்ற பங்கு. அமிலத்தில் விழுந்த கணமே அந்த என்சைம் செத்துவிடும், பெரிய புரதங்களும் படிந்துவிடும். சிறிய பெப்டைடுகள் மேல்நீரில் நிற்கும்.

வரிசை இது. புழுவைப் பனிக்கட்டியில் 15-20 நிமிடம் வைத்து அடக்குங்கள். 70 சத எத்தனாலில் துடைத்து முழுக்க உலரவிடுங்கள். ஈர எத்தனால் சொட்டில் கலந்தால் அதுவும் வளையம் தரும். நடுக்காலின் நுனியைக் கத்தரித்து, உடலை மெல்ல அழுத்திச் சொட்டைப் பிடியுங்கள். வயிற்றின் பின்பாதியில் ஊசி போடவே கூடாது. இந்தப் புழுவின் பின்குடல் ஒரு பெரிய நொதித்தல் பை, பாக்டீரியா நிறைந்தது. அதைக் குத்தினால் சொட்டு பழுப்பாக வரும். அந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள்.

2 மி.லி. ஹீமோலிம்ப்புக்கு 18 மி.லி. அமில மெத்தனால். பனிக்கட்டியில் 30 நிமிடம், இடையிடையே கலக்குங்கள். 12,000 ஜி (புவியீர்ப்பைப் போல் இத்தனை மடங்கு விசை), 4 டிகிரி, 20 நிமிடம் சுழற்றுங்கள். மேல்நீரை எடுத்து மெத்தனாலை வெற்றிடத்தில் ஆவியாக்குங்கள், சூடு 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மீதியை 0.1 சத டிரைஃபுளோரோஅசெட்டிக் அமிலத்தில் கரைத்து, அதே அளவு ஹெக்சேன் சேர்த்துக் குலுக்கி, மேலே நிற்கும் கொழுப்பு அடுக்கை நீக்குங்கள். பிறகு எத்தில் அசிட்டேட்டில் ஒருமுறை அதேபோல்.

பெரும்பாலான மாணவர்கள் ஜி-யையும் சுழற்சி எண்ணையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஜி = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × நிமிடச் சுழற்சியின் வர்க்கம். 8 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 12,000 சுழற்சி ஏறத்தாழ 12,900 ஜி.

நுண்ணுயிர்_டீச்சர்

மக்கா, உன் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். மைக்ரோகாக்கஸில் வளையம், இ.கோலியில் இல்லை என்றால் மனதில் வர வேண்டிய முதல் பெயர் லைசோசைம், பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும் என்சைம். பூச்சி ரத்தத்தில் லைசோசைம் எப்போதும் உண்டு. அதற்கு மைக்ரோகாக்கஸ் லூட்டியஸைவிட எளிய இரை கிடையாது. அந்தத் தட்டை மட்டும் வைத்துப் பெப்டைடு என்று எழுதினால் வைவாவில் நிற்காது.

பிரித்துக் காட்ட இப்படிச் செய். கோழிமுட்டை லைசோசைமைத் தனிக் கிணற்றில் வை. லைசோசைமுக்கு அசையாத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (ஏ.டி.சி.சி. 25923 போன்ற நிலையான வகை) ஒரு தட்டு போடு, பூச்சி டிஃபென்சின் (கிருமிக்கொல்லி பெப்டைடில் ஒரு வகை) இருந்தால் அதில் தெரிய வாய்ப்பு உண்டு. சாற்றை 10 கிலோடால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) வடிகட்டியில் சுழற்று. லைசோசைம் சுமார் 14 கிலோடால்டன், மேலே தங்கும். டிஃபென்சின் சுமார் 4, கீழே இறங்கும். கீழே இறங்கியதிலும் கொல்லும் சக்தி இருந்தால்தான் பேச்சு.

ஒரு எச்சரிக்கை. 'கொதிக்க வைத்தும் சக்தி நிற்கிறது, ஆகவே பெப்டைடு' என்று பலர் எழுதுகிறார்கள். அமிலக் கரைசலில் லைசோசைமும் கொதியைத் தாங்கும். அந்த வாதம் போதாது. மாறாக டிரிப்சின் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தபின் சக்தி போகிறதா பார். போனால் அது புரதமோ பெப்டைடோதான், குவினோனோ அமிலமோ இல்லை என்று உறுதியாகும். டிரிப்சினை மட்டும் ஊற்றிய கிணறும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி தட்டு. சாதாரண அகர் இந்த வேலைக்கு ஆகாது. அகரில் எதிர்மின் கந்தகக் குழுக்கள் உண்டு. இந்தப் பெப்டைடுகள் நேர்மின் கொண்டவை. கிணற்றின் ஓரத்திலேயே பிடிபட்டு, பரவாமல் நின்றுவிடும். கூடவே ஊடகத்தின் உப்பு டிஃபென்சினின் சக்தியைக் குறைக்கும். லேரரும் கூட்டாளிகளும் 1991-ல் வெளியிட்ட ஆரப்பரவல் முறையைப் பின்பற்று:

அடித்தளம் 10 மி.லி.: சோடியம் பாஸ்பேட் 10 மில்லிமோலார், பி.எச். 7.4, டிரிப்டிக் சோய் பிராத் பொடி 0.03 சதம், மின்னேற்றம் குறைந்த வகை அகரோஸ் 1 சதம். 42 டிகிரிக்கு ஆறியதும் வளரும் பருவத்துப் பாக்டீரியா 40 லட்சம் சேர்த்து ஊற்று. 3 மி.மீ. கிணறு, கிணற்றுக்கு 5 மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் 3 மணி நேரம். பிறகு மேலே இன்னொரு 10 மி.லி.: 6 சத டிரிப்டிக் சோய் பிராத், 1 சத அகரோஸ். இரவு முழுக்க வைத்து வளையத்தை அள. 3 மி.மீ. கிணற்றைக் கழித்து எழுது.

முதல் மூன்று மணி நேரம் பாக்டீரியாவுக்குச் சோறு கிட்டத்தட்ட இல்லை. பெப்டைடு தாக்கிவிட்டுப் போகும். மேலடுக்கு வந்ததும் உயிரோடிருப்பவை மட்டும் வளரும். இரவு வளர்ந்த பழைய கல்ச்சரை அப்படியே ஊற்றினால் வளையம் சிறுக்கும். காலையில் புதிய பிராத்தில் 100-க்கு 1 மாற்றி, இரண்டரை மணி நேரம் கழித்து எடு. ஒளி அடர்த்தியை எண்ணிக்கையாக மாற்றும் கணக்கை இணையத்தில் தேடாதே. உன் கருவியில் ஒருமுறை நீர்த்துத் தட்டில் எண்ணி வைத்துக்கொள்.

வில்லுக்குறி_உயிர்வேதி

மிக்க நன்றி டீச்சர், அண்ணாச்சி. ஊசி குத்தித் தூண்டுவது கட்டாயமா? தூண்டாத புழுவில் பெப்டைடே இருக்காதா?

நுண்ணுயிர்_டீச்சர்

மிகக் குறைவு. பூச்சிக்கு நம்மைப் போல் எதிர்ப்பொருள் கிடையாது. தொற்று வந்ததும் கொழுப்பு உறுப்பு பெப்டைடுகளைச் செய்து ரத்தத்தில் கொட்டும். 1981-ல் ஸ்வீடனில் போமன் குழு செக்ரோப்பியா அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவில் பாக்டீரியாவை ஏற்றித்தான் செக்ரோப்பினைப் பிரித்தது. பழ ஈயில் இந்த விசை எப்படித் திறக்கிறது என்று காட்டியதற்காகத்தான் ஜூல்ஸ் ஹாஃப்மன் 2011 நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

செய்முறை: இ.கோலி, மைக்ரோகாக்கஸ் இரண்டையும் தனித்தனியே இரவு வளர்த்து, சுழற்றி, உப்புநீரில் கழுவி, ஆட்டோகிளேவில் கொன்று, திரும்பச் சுழற்றி மசியாக வை. நுண்ணிய பூச்சி ஊசியை அதில் தோய்த்து, வயிற்றின் முன்பாதியில், முதுகும் பக்கமும் சேரும் இடத்தில், இரண்டு கண்டங்களுக்கு நடுவே தோலுக்கு அடியில் மட்டும் குத்து. ஆழமாகப் போகாதே.

மூன்று குழு வேண்டும்: தொடாதவை, சுத்த ஊசி குத்தியவை, பாக்டீரியா ஊசி குத்தியவை. சுத்த ஊசியும் கொஞ்சம் தூண்டும். அதைக் காட்டாமல் விட்டால் உன் முடிவு காயத்துக்கா கிருமிக்கா என்று யாரும் கேட்பார்கள். 6, 24, 48 மணி நேரத்தில் எடு. ஒரே நேரம்தான் முடியும் என்றால் 24.

புரதக்கூடம்

டீச்சர் சொன்னதோடு ஒன்று. உயிருள்ள பாக்டீரியாவை ஏற்ற வேண்டாம். சாற்றில் அதுவே வந்துவிடும். புழு செத்தால் பெப்டைடைத் தின்னும் புரதச்சிதைப்பிகள் பெருகும். கொன்ற பாக்டீரியாவின் செல்சுவரே போதும்.

இனி சி-18 படி, அதாவது பெப்டைடைப் பிடித்துவைத்துச் சுத்தப்படுத்தும் காட்ரிட்ஜ். 500 மி.கி. காட்ரிட்ஜில் முதலில் 5 மி.லி. மெத்தனால், பிறகு 10 மி.லி. 0.1 சத டிரைஃபுளோரோஅசெட்டிக் அமிலம். காட்ரிட்ஜ் நடுவில் உலரவே கூடாது. உலர்ந்தால் பெப்டைடு பிடிக்காமல் வழிந்தோடும். மாதிரியை நொடிக்கு ஒரு சொட்டாக விடுங்கள். 5 சத அசெட்டோநைட்ரைலில் 5 மி.லி. கழுவினால் உப்பும் சர்க்கரையும் போகும். 60 சத அசெட்டோநைட்ரைல் 4 மி.லி.யில் இறக்குங்கள், இதுதான் உங்கள் மாதிரி. கடைசியில் 80 சதத்தில் தனியாக ஒரு குழாய். அதில் கொழுப்பு ஒட்டியவை வரும், கலக்காதீர்கள்.

இறக்கியதை உலர்த்தி, தண்ணீரில் கரைத்து மறுபடி உலர்த்தி, இன்னொரு முறையும் செய்யுங்கள். மீந்த டிரைஃபுளோரோஅசெட்டிக் அமிலம் தானே வளையம் போடும். இதைச் செய்யாமல் வந்த 'கண்டுபிடிப்புகள்' ஏராளம். வெறும் கரைசலை எல்லாப் படிகளிலும் ஓட்டி எடுத்த வெற்றுச் சாறு ஒரு கிணற்றில் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசியாக 0.01 சத அசெட்டிக் அமிலத்தில் கரையுங்கள்.

குழாய், முனை, தட்டு எல்லாம் பாலிப்ரொப்பிலீன். தெளிவான பாலிஸ்டைரீனிலும் கண்ணாடியிலும் நேர்மின் பெப்டைடுகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைந்த மாதிரியில் பாதி அங்கேயே போய்விடும்.

புரத அளவுக்கு பிராட்ஃபோர்டை நம்ப வேண்டாம், 3 கிலோடால்டனுக்குக் கீழே சாயம் சரியாகப் பிடிக்காது. பி.சி.ஏ. முறை மேல். ஜெல்லுக்கு வழக்கமான கிளைசின் முறை வேண்டாம். டிரைசின் முறை, 16.5 சதம் ஓட்டுங்கள். ஓடி முடிந்ததும் உடனே நிலைநிறுத்துங்கள், தாமதித்தால் சிறு பெப்டைடு ஜெல்லிலிருந்து கரைந்து வெளியேறும், பட்டையே தெரியாது.

மார்த்தாண்டம்_தேன்பெட்டி

தேன் பற்றிய கேள்விக்கு யாரும் வரவில்லை. தேன் எந்தத் தேன், எப்படி எடுத்தது என்று தெரியாமல் தட்டில் வைத்தால் முடிவு எதற்கும் ஆகாது.

நம் பக்கம் பெரிய வரத்து ரப்பர் தளிர் விடும் காலம். டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து, புதுத் தளிரின் காம்புச் சுரப்பியில் தேன் ஊறும். பிப்ரவரி, மார்ச்சில் பெட்டி நிறையும். அவசரத்தில் மூடி போடாத அடையையும் சேர்த்துப் பிழிந்தால் ஈரம் 20 சதத்துக்கு மேல் நிற்கும், சில வாரத்தில் நுரைத்துப் புளிக்கும். புளித்த தேனில் ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் இருக்கும், அதுவும் கிருமியைக் கொல்லும். பிறகு எது தேனீயின் வேலை, எது ஈஸ்ட்டின் வேலை?

ஈரத்தைக் குறைக்கவும், உறைந்த ரப்பர் தேனை இளக்கவும் பலர் வெந்நீர்த் தொட்டியில் 60-65 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். தேனை நீர்க்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் தேனீயின் தலைச் சுரப்பியிலிருந்து வருவது. அது சூட்டில் சாகும், வெயிலிலும் சாகும். கடையில் கண்ணாடிப் பாட்டிலில் வெளிச்சத்தில் நின்ற தேனை வாங்கி ஆய்வு செய்யாதீர்கள்.

வேண்டியது இது. மேல் அறையில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடிய அடை. சுழற்றி எடுத்தது, பிழிந்தது வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டரில் ஈரம் 18-20 சதம். சூடு காட்டாதது. பழுப்பு பாட்டில், இருட்டு, குளிர்ச்சி. மழைக்காலத்தில் சர்க்கரைப்பாகு வைத்த பெட்டி என்றால் அடுத்த வரத்தின் முதல் அறுவடையை ஒதுக்குங்கள்.

சிறுதேன் வேறு கதை. கொடுக்கில்லாத தேனீயின் தேன் 25 சதத்துக்கு மேல் ஈரத்தோடு, புளிப்பாகவே இருக்கும். தேன் குடமும் மகரந்தக் குடமும் பக்கத்தில் பக்கத்தில். மொத்தக் கூட்டையும் கசக்கிப் பிழிந்தால் மகரந்தம் கலந்துவிடும். ஒவ்வொரு தேன் குடமாகத் துளைத்து ஊசிக்குழலில் உறிஞ்சி எடுங்கள்.

ஆனால் ஒன்று. சிறுதேனீ கூட்டில் பூசும் பிசின் அரக்கும் கிருமிக்கொல்லிதான். அதையும் பூச்சியின் பொருளாகச் சேர்க்கலாமே?

நுண்ணுயிர்_டீச்சர்

அண்ணாச்சி, குடம் குடமாக எடுக்கச் சொன்னது எவ்வளவு சரி தெரியுமா? மகரந்தத்தில் கேட்டலேஸ் உண்டு. அது பெராக்சைடை உடைத்துவிடும். மகரந்தம் கலந்த சிறுதேன் பலவீனமாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

அரக்கைச் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். அதன் கிருமிக்கொல்லிகள் பெரும்பாலும் மரப்பிசினின் ஃபிளேவனாய்டுகளும் ஃபீனால்களும். தேனீ சுமந்து வந்து மெழுகோடு குழைக்கிறது, அவ்வளவே. மாவும் பலாவும் செய்ததைப் பூச்சி செய்ததாக எழுதுவது தலைப்புக்கே பிழை. தனி அத்தியாயமாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை.

மக்கா, தேன் தட்டும் ஹீமோலிம்ப் தட்டும் தனித்தனி. தேனுக்கு நான்கு காரணங்கள் ஒன்றாக வேலை செய்யும்: சர்க்கரையின் அடர்த்தி, அமிலம், பெராக்சைடு, தேனீயின் டிஃபென்சின்-1. ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டு.

செயற்கைத் தேன்: ஃபிரக்டோஸ் 39 கிராம், குளுக்கோஸ் 31, மால்டோஸ் 8, சுக்ரோஸ் 3, தண்ணீர் 19. இது சர்க்கரைக்கு மட்டும் கட்டுப்பாடு. அதன் ஒரு பகுதியை குளுக்கோனிக் அமிலத்தால் உன் தேனின் பி.எச்.சுக்குக் கொண்டுவந்தால் அமிலத்துக்கும் கட்டுப்பாடு ஆகும். அடுத்து தேனோடு கேட்டலேஸ் சேர்த்த கிணறு. வளையம் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு பெராக்சைடின் பங்கு. கேட்டலேஸும் சேர்த்து, அதற்கு மேல் சோடியம் பாலிஅனெதால் சல்ஃபோனேட்டும் சேர்த்தால் நேர்மின் பெப்டைடுகள் கட்டுண்டுவிடும். அப்போது இன்னும் சுருங்கினால் டிஃபென்சினின் பங்கு. மருத்துவத் தேன் ஒன்றில் டிஃபென்சின்-1 இருப்பதைக் கண்டு 2010-ல் வெளியிட்ட நெதர்லாந்துக் குழு இப்படித்தான் ஒவ்வொரு காரணியாக அடைத்துப் பார்த்தது.

நீர்க்காத தேனில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் தூங்கும். 50 சதமாக நீர்த்து, இருட்டில், ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரே நேரம் வைத்துப் பிறகு ஊற்று. ஒன்றை ஐந்து நிமிடத்திலும் இன்னொன்றை ஒரு மணி நேரத்திலும் ஊற்றினால் பெராக்சைடு அளவே வேறு. வடிகட்டுவதானால் புரதம் ஒட்டாத வகை 0.22 மைக்ரான் சவ்வு.

தக்கலை_நர்ஸ்

இந்த இழையை ஆய்வுக்கு வெளியே உள்ளவர்களும் படிப்பார்கள், அதனால் சொல்கிறேன். தட்டில் வளையம் தந்த தேனை வீட்டில் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் பூசாதீர்கள். பெட்டித் தேனில் கிளாஸ்ட்ரிடியம் வித்துகள் இருக்கக்கூடும், தேனின் எந்தக் கிருமிக்கொல்லியும் வித்தைக் கொல்லாது. புண்ணுக்கென்று வரும் மருத்துவத் தேன் காமா கதிரில் சுத்தம் செய்தது. சூடு படாததால் என்சைம் பெரும்பாலும் தப்பும். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது, அதே வித்துதான் காரணம்.

புழு வைத்துப் புண் ஆற்றுவது பற்றியும் கேட்பார்கள். அது லூசிலியா செரிகேட்டா என்ற ஈயின் முட்டையைக் கிருமி நீக்கிப் பொரித்த புழு. அமெரிக்காவில் 2004-ல் அனுமதி பெற்றது. லூசிஃபென்சின் என்ற டிஃபென்சின் அதில் உண்டு. இங்கே புண்ணில் தானாக விழும் புழு வேறு ஈ, உயிர்ச்சதையையும் தின்னும். அப்படி விழுந்தால் உடனே மருத்துவமனை.

வில்லுக்குறி_உயிர்வேதி

அக்கா, இது நான் அறிக்கையிலும் சேர்க்க வேண்டியது. கடைசியாக ஒரு கேள்வி: பெப்டைடு மனிதச் செல்லையும் உடைக்கிறதா என்று எங்கள் கூடத்திலேயே பார்க்க வழி உண்டா? எச்.பி.எல்.சி. இல்லாமல் எதுவரை பெயர் சொல்லலாம்?

புரதக்கூடம்

பார்த்தே ஆக வேண்டும். தேனீ விஷத்தின் மெலிட்டின் வெறும் 26 அமினோ அமிலம், பாக்டீரியாவை அருமையாகக் கொல்லும், சிவப்பணுவையும் அதே வேகத்தில் உடைக்கும். அதே தேனீயின் அபிடேசின் 18 அமினோ அமிலம், சவ்வைக் கிழிக்காமல் உள்ளே போய் ரைபோசோமைப் பிடிக்கிறது, சிவப்பணுவைத் தொடாது. இந்த வேறுபாடுதான் மருந்தாகுமா என்பதை முடிவு செய்கிறது.

இறைச்சிக் கடையில் அறுக்கும்போதே ஆட்டு ரத்தம் வாங்குங்கள்: 3.8 சத சோடியம் சிட்ரேட் 1 பங்கு, ரத்தம் 9 பங்கு, மெல்லத் தலைகீழாக்கிக் கலக்குங்கள், குலுக்காதீர்கள். 800 ஜி, 10 நிமிடம், பாஸ்பேட் உப்புநீரில் மூன்று முறை கழுவுங்கள், மேல்நீர் நிறமற்று வரும்வரை. 2 சதக் கலவை 100 மைக்ரோலிட்டர், மாதிரி 100. 37 டிகிரி, ஒரு மணி நேரம். சுழற்றி மேல்நீரை 540 நானோமீட்டரில் அளவிடுங்கள். முழு உடைப்புக்கு டிரைட்டான் எக்ஸ்-100, சுழியத்துக்கு உப்புநீர். சதம் = (மாதிரி − உப்புநீர்) ÷ (டிரைட்டான் − உப்புநீர்) × 100.

இங்கே வழக்கமாகக் கெடுவது: 0.01 சத அசெட்டிக் அமிலத்தில் கரைத்த மாதிரியை அப்படியே ஊற்றுவது. உப்பு இல்லாததால் பாதி நீர்த்ததும் சிவப்பணு தண்ணீர் குடித்து வெடிக்கும். பெப்டைடைக் குற்றம் சொல்வீர்கள். உலர்ந்த மாதிரியை இந்தச் சோதனைக்கு மட்டும் உப்புநீரில் கரையுங்கள். ஆட்டுச் சிவப்பணு சிறியது, உப்பு குறைந்தால் மனித அணுவைவிடச் சீக்கிரம் உடையும். ஆகவே முடிவை 'ஆட்டுச் சிவப்பணுவில்' என்றே எழுதுங்கள்.

பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இதே காண்டாமிருக வண்டின் புழுவிலிருந்து ஜப்பானியர்கள் 43 அமினோ அமில டிஃபென்சினையும், பூஞ்சையை எதிர்க்கும் 36 அமினோ அமில ஸ்கராபேசினையும் ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். பூச்சி டிஃபென்சின்கள் பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் வகையையே கொல்லும், உங்கள் இ.கோலி தட்டு வெறுமையாக இருப்பதற்கு அகரோடு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் நிறை அளவோ வரிசையோ இல்லாமல் 'டிஃபென்சின்' என்று எழுதக் கூடாது. '10 கிலோடால்டனுக்குக் கீழ்ப்பட்ட, டிரிப்சினில் அழியும், ஊசி குத்தியபின் கூடும், கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவைக் கொல்லும் பகுதி' என்று எழுதுங்கள். அதுவே நல்ல முடிவு. 60 சதப் பகுதியை உலர்த்தி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப முடிந்தால் அடுத்த படி திறக்கும்.

தோப்பு_இரணியல்

புழு எடுக்க நல்ல நேரம், குழியைக் கிளறி வயலுக்கு உரம் ஏற்றும் நாள். உரிமையாளரே அன்று புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவார், தாராளமாகத் தருவார். வேலை முடிந்து மீந்த புழுவைக் குழியில் திரும்ப விடாதீர்கள். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரிலோ ஃப்ரீசரிலோ கொன்றுவிடுங்கள். வண்டாகிப் பறந்தால் பக்கத்துத் தோப்பின் குருத்துதான் போகும்.

வில்லுக்குறி_உயிர்வேதி

சரி அண்ணாச்சி, ஃப்ரீசரிலேயே வைக்கிறேன். டீச்சர், அகரோஸ் தட்டில் முன்னோட்டமாக நீல மை ஊற்றிப் பார்த்தேன், சில கிணறுகளில் அடியில் கசிந்து பரவுகிறது. என்ன காரணம்?

நுண்ணுயிர்_டீச்சர்

கிணற்றை வெட்டி எடுக்கும்போது அகரோஸ் தட்டின் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது. தட்டை 4 டிகிரியில் பத்து நிமிடம் இறுகவிட்டு வெட்டு. துண்டை ஊசியால் நெம்பாதே. மெல்லிய முனையில் வெற்றிடம் வைத்து மேலே உறிஞ்சு. தட்டு மட்டமான மேசையில் உறையாவிட்டாலும் ஒரு பக்கம் மெலிந்து இதே கசிவு வரும். ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார். 5 மைக்ரோலிட்டரைத் தாண்டாதே. அதிகம் வேண்டுமென்றால் மாதிரியை அடர்த்தியாக்கு, கிணற்றைப் பெரிதாக்காதே. மை பரவாத தட்டு மூன்று தொடர்ந்து வந்தபின் புழுச்சாற்றை ஊற்று.

புரதக்கூடம்

சாற்றை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள். ஒரு குழாயை ஒருமுறைதான் உருக்க வேண்டும். உலர்ந்த நிலையில் வைத்தால் இன்னும் நல்லது. மூடியில் குழு, மணி நேரம், தேதி மூன்றும் பென்சிலால் எழுதிய ஒட்டுத்தாள். சாதாரணப் பேனா மை மெத்தனால் பட்டால் அழிந்துவிடும்.